மதுரையில் இருந்தபடியே ஐஸ் ஹாக்கி சிம் லீக்கில் சேருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 கடைசியில் ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்து முடிந்தபின், நம்ம ஊரில் ஹாக்கி என்றாலே ரேஸ் கோர்ஸ் மைதானத்தின் நீலத் தரைதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது அந்த ஹாக்கி இல்லை. பனித்தரையில் ஸ்கேட் மாட்டிக்கொண்டு, பந்துக்குப் பதிலாக ‘பக்’ எனும் ரப்பர் வில்லையை அடிக்கும் ஐஸ் ஹாக்கி. அதையும் நாம் நேரில் ஆடப்போவதில்லை, ஜாய்ஸ்டிக் பிடித்தும் ஆடப்போவதில்லை. ஆட்டத்தை ஒரு மென்பொருள் ஆடிவிடும். அந்த மென்பொருளுக்குள் போகும் ஆட்டக்காரரை வளர்ப்பதும், அணியை நடத்துவதும்தான் மனிதர்கள் செய்யும் வேலை. இதற்குப் பெயர் சிமுலேஷன் லீக். உள்ளே இருப்பவர்கள் ‘சிம் லீக்’ என்றுதான் சொல்வார்கள்.

நல்ல கம்ப்யூட்டர் தேவையில்லை, வேகமான விரல்கள் தேவையில்லை, காசும் தேவையில்லை. ஒரு சாதாரண செல்போன் போதும். கேட்பது ஒன்றுதான்: வாரம் தவறாமல் தலைகாட்ட வேண்டும். ஹாக்கியைக் கரைத்துக் குடித்தவர்கள் இரண்டு மாதத்தில் காணாமல் போவதும், ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள் நட்சத்திரமாவதும் இந்த லீக்குகளில் சர்வசாதாரணம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும்.

1. எந்த வகை லீக் என்று முடிவு செய்யுங்கள்

சிம் லீக்குகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகையில் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை ஆட்டக்காரரை உருவாக்குவார்கள். அவர் ஜூனியர் லீக்கில் தொடங்கி, டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் தேர்வில் தேர்வாகி, பெரிய லீக்குக்குப் போவார். இரண்டாவது வகையில் ஒவ்வொருவரும் ஒரு முழு அணிக்கு ஜி.எம்., அதாவது ஜெனரல் மேனேஜர். என்.எச்.எல். எனும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களை வைத்து டிரேட் செய்வது, அதாவது அணிகளுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது, சம்பள உச்சவரம்புக்குள் அணியை அடக்குவது எல்லாம் அங்கே உண்டு.

புதிதாக வருபவர்கள் முதல் வகையில் சேருவது நல்லது. ஜி.எம். லீக்கில் முதல் நாளே 32 அணிகளின் ஆட்டக்காரர்களையும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் உட்கார்ந்தால், நல்ல ஆளைக் கொடுத்துவிட்டு வயதான ஆளை வாங்கிவைத்திருப்பீர்கள். முதல் வகையில் உங்கள் பொறுப்பு ஒரே ஒரு ஆள்தான். கற்றுக்கொள்ள அவகாசம் கிடைக்கும், சொல்லிக்கொடுக்க அணியே இருக்கும். இனி சொல்வதெல்லாம் அந்த வகைக்கு.

பின்னணியில் ஓடும் மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல லீக்குகள் ஃப்ரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் என்ற விளையாட்டைப் பயன்படுத்துகின்றன. பழைய லீக்குகளில் எஸ்.டி.எச்.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் சிமுலேட்டரும் புழங்குகிறது. முதல் வகை லீக்கில் இவற்றை நீங்கள் வாங்க வேண்டியதே இல்லை. லீக்கை நடத்துபவரிடம் இருந்தால் போதும். அவர் ஓட்டி முடித்து முடிவுகளை வெளியிடுவார். அந்த முடிவுப் பக்கத்தை ‘இன்டெக்ஸ்’ என்பார்கள்.

2. ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்

நமக்குத் தெரிந்த ஹாக்கியில் ஒரு பக்கம் 11 பேர், 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். ஐஸ் ஹாக்கியில் ‘கோலி’ எனும் கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர், 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பீரியடுகள். ஒரு சென்டர், இரண்டு விங்கர்கள், இரண்டு டிஃபென்ஸ்காரர்கள், ஒரு கோலி. ஓட்டம் கடுமையாக இருப்பதால் ஒரே ஆள் ஒரு நிமிடத்துக்கு மேல் தரையில் நிற்பது அரிது. ஆட்டம் நடக்கும்போதே குழு குழுவாக மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குழுவுக்குத்தான் ‘லைன்’ என்று பெயர். முன்வரிசைக்கு நான்கு லைன், டிஃபென்ஸுக்கு மூன்று ஜோடி என்பது வழக்கமான அமைப்பு. உங்கள் ஆட்டக்காரர் எத்தனையாவது லைனில் இருக்கிறார் என்பதுதான் அணியில் அவருக்கு உள்ள மதிப்பு.

தவறு செய்தவர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதல். அதுதான் பவர் பிளே. அந்த எதிரணி கோல் அடித்துவிட்டால் அந்த 2 நிமிடத் தண்டனை அத்தோடு முடிந்துவிடும். கோல் அடித்தவருக்கு 1 புள்ளி, அதற்கு பாஸ் கொடுத்து உதவியவர்களில் இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு 1 புள்ளி. என்.எச்.எல். கணக்கில் வென்ற அணிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1 புள்ளி. ஆஃப்சைடு, ஐசிங் போன்ற விதிகளை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். சிம் லீக்கில் அவை உங்கள் கைக்கு வரவே வராது.

3. லீக்கை நோட்டம் விடுங்கள்

சேருவதற்கு முன் சில நாட்கள் ஓரமாக நின்று பார்ப்பதில் தப்பே இல்லை. நான் பார்ப்பது முக்கியமாக மூன்று. அறிவித்த நாளில் சிம் ஓடுகிறதா, இல்லை ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போகிறதா? விதிப் புத்தகம் ஒரே இடத்தில், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற தகவலோடு இருக்கிறதா? இரண்டு மூன்று சீசனுக்கு முன் டிராஃப்டில் வந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் நடமாடுகிறார்கள்?

மூன்றாவதுதான் உரைகல். புது ஆட்களை வரவேற்கும் ஆரவாரம் எல்லா லீக்கிலும் இருக்கும். வந்தவர்கள் தங்குகிறார்களா என்பதில்தான் லீக்கின் தரம் தெரியும். பதிவுக்குப் பணம் கேட்டாலோ, காசு கட்டினால் ஆட்டக்காரரின் திறனைக் கூட்டும் புள்ளி தருவோம் என்றாலோ அப்படியே திரும்பி நடையைக் கட்டுங்கள்.

4. பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை

ஒரு மனிதருக்கு ஒரு ஆட்டக்காரர் என்பது ஏறக்குறைய எல்லா லீக்கிலும் கண்டிப்பான சட்டம். ஒருவரே இரண்டு பெயரில் நுழைந்தால் தடைதான். இதைக் கண்டுபிடிக்க நிர்வாகிகள் ஐ.பி. முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணைப் பார்ப்பார்கள். இங்கேதான் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஒன்றும் செய்யாமலே மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அண்ணன் தம்பி ஒரே வீட்டு வைஃபையில் இருப்பார்கள். கல்லூரி விடுதியில் ஒரு மாடி முழுக்க ஒரே இணைப்பு ஓடும். செல்போன் நிறுவனங்களும் ஒரே ஐ.பி. முகவரியைப் பல பேருக்குப் பகிர்ந்து தருவது உண்டு.

அதனால் பதிவு செய்த அன்றே நிர்வாகிக்கு ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள்: ‘என் தம்பியும் சேர்ந்திருக்கிறான், இன்ன பெயரில், இருவரும் ஒரே வீடு.’ இரண்டு வரி போதும். பிடித்தபிறகு விளக்கம் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

5. ஆட்டக்காரரை உருவாக்குவது

படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நம் இனிஷியலை அங்கே போட்டால் சட்டையின் முதுகில் ஒற்றை எழுத்துதான் வரும். ஊர்ப் பெயரைக் கடைசிப் பெயராக வைப்பது எனக்குப் பிடிக்கும். ‘முத்து மேலூர்’ என்று வைத்துப் பாருங்கள், வெள்ளைக்காரர் வாயிலும் நுழையும், நம் ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். அழகர்சாமி, மீனாட்சிசுந்தரம் எல்லாம் அழகான பெயர்கள்தான், ஆனால் ஆட்ட வர்ணனை எழுதுபவர் பாவம்.

பிறந்த ஊரையும் கேட்பார்கள். கனடா என்று போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். அங்கே கனடாக்காரர்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். மதுரைக்காரர் என்றால் எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘அண்ணே, பனியையே பார்க்காத ஊரிலிருந்து ஒருத்தன் ஸ்கேட்டிங் கத்துக்கிட்டான்னா எவன் நம்புவான்?’ என்று ஒரு தம்பி கேட்டான். அதற்குக் கதை நம்மிடமே இருக்கிறது. லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளங்களின் மேல் ஐஸ் ஹாக்கி ஆடுகிறார்கள். ராணுவத்தில் இருக்கும் மாமாவோடு லேவுக்குப் போன உசிலம்பட்டிப் பையன் அங்கே மட்டையைப் பிடித்தான் என்று எழுதுங்கள். நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் ராணுவத்துக்காரர் இருக்கிறார்! இந்தப் பின்னணியை வைத்தே ஒரு சீசன் முழுக்க எழுதலாம், அது ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

அடுத்தது எந்த இடத்தில் ஆடுவது. கோலியாக வேண்டாம், குறைந்தது முதல் ஆட்டக்காரருக்கு வேண்டாம். ஒரு அணியில் ஒரு நேரத்தில் ஒரு கோலிதான் நிற்க முடியும். நல்ல ஆள் முன்னால் இருந்தால் சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான். விங்கர் ஜாலியான இடம், கோல் வரும், ஆனால் கூட்டமும் அதிகம். சென்டர் என்றால் ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது அதைப் பிடிப்பது), பாஸ், தடுப்பு என்று எல்லாவற்றிலும் புள்ளி போட வேண்டியிருப்பதால் வளர நேரம் பிடிக்கும். அவசரமில்லாதவர் என்றால் டிஃபென்ஸ் எடுங்கள். தரையில் அதிக நேரம் நிற்பது டிஃபென்ஸ்காரர்தான். எதை எடுத்தாலும், முடிவெடுக்கும் முன் உங்களோடு அதே டிராஃப்டுக்கு வரும் புதியவர்களில் எந்த இடத்துக்கு ஆள் குறைவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிறகு புள்ளிகளைப் பிரிப்பது. தொடக்கத்தில் ஒரு தொகை தருவார்கள். அதை ஸ்கேட்டிங், பாஸிங், ஷாட், செக்கிங் (உடலால் மோதித் தடுப்பது), பொசிஷனிங் (சரியான இடத்தில் நிற்பது), ஸ்டாமினா என்று திறன்களில் போட வேண்டும். மேலே போகப் போக விலை ஏறும் என்பதுதான் சூட்சுமம். 9-லிருந்து 10-க்கு ஏற்ற 2 புள்ளி, 14-லிருந்து 15-க்கு ஏற்ற 12 புள்ளி என்று ஒரு லீக்கின் விலைப்பட்டியல் இருப்பதாக வையுங்கள். ஷாட்டை 15 ஆக்கும் அந்த ஒரே படிக்கான புள்ளியில் ஆறு திறன்களை 9-லிருந்து 10-க்குக் கொண்டுபோகலாம். புதியவர்கள் ஷாட்டில் கொட்டிவிட்டு ஸ்கேட்டிங்கைக் கீழே விட்டுவிடுவார்கள். கோலுக்குப் பக்கத்தில் போய்ச் சேராதவனுக்கு எவ்வளவு நல்ல ஷாட் இருந்து என்ன? முதலில் ஸ்கேட்டிங், பொசிஷனிங், ஸ்டாமினா ஆகியவற்றை நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள். அலங்காரமெல்லாம் அப்புறம். எந்தத் திறன் அந்த மென்பொருளில் அதிகம் எடுபடுகிறது என்பதை ஜி.எம்.மிடம் கேட்டால் சொல்வார். மென்பொருளுக்கு மென்பொருள் அது மாறும்.

6. வாராந்திர வேலை

இதுதான் சிம் லீக்கின் உயிர். புள்ளிகளை டி.பி.இ. என்பார்கள், மொத்தம் சம்பாதித்த புள்ளிகள் என்று பொருள். அவை பல வழிகளில் வரும். ‘ஆக்டிவிட்டி செக்’ என்பது வருகைப் பதிவு, ஒரு வரி எழுதினால் போதும். ‘பாயிண்ட் டாஸ்க்’ என்பது கொடுத்த தலைப்பில் ஒரு பத்தியோ ஒரு பக்கமோ எழுதுவது. கேம் தொடங்கும் முன் உன் ஆட்டக்காரர் என்ன சாப்பிடுவார், அணியில் யார் நெருங்கிய நண்பர் என்ற மாதிரித் தலைப்புகள் வரும். எழுத வராதவர் படம் வரையலாம், கிராஃபிக்ஸ் செய்யலாம், சில லீக்குகளில் குரல் பதிவும் போடலாம். லீக் பணம் கொடுத்துப் பயிற்சியை வாங்கியும் புள்ளி சேர்க்கலாம். அது கற்பனைப் பணம்தான்.

ஒரு வாரத்தில் கிடைப்பது சொற்பம். ஆனால் இது சீட்டுக் கட்டுவது மாதிரி: ஒரு தவணை சின்னது, விட்டால்தான் வலி. ஒரு வாரம் விட்டவருக்கும் விடாதவருக்கும் இடையில் அப்போதைக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு சீசன் கழித்து ஒருவர் முதல் லைனிலும் இன்னொருவர் நான்காவது லைனிலும் இருப்பார்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமே என்ற தயக்கம் வேண்டாம். நீளம் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள், இலக்கணத்துக்கு மார்க் போடுவதில்லை. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஃபின்லாந்து, செக் நாட்டு ஆட்களும் அங்கே அப்படித்தான் எழுதுகிறார்கள். முத்து மேலூர் ஆட்டத்துக்கு முந்தைய இரவு வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுவதாக எழுதினால், அதைப் படிக்க ஆள் வரும். ஏ.ஐ. கருவியிடம் கொடுத்து எழுதி வாங்குவதற்கு முன் விதிகளைப் பாருங்கள். தடை இல்லாத இடத்திலும் அப்படி எழுதியது தெரிந்தால் ஜி.எம்.கள் மனதில் ஒரு கழித்தல் விழும்.

நேரக் கணக்கு. லீக்குகளின் கடிகாரம் பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரம். அது நம்மைவிட மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம் பின்னால். இரவு 8 மணி சிம் என்றால் நமக்கு மறுநாள் காலை 5.30 அல்லது 6.30. காபி குடித்துக்கொண்டே ரிசல்ட் பார்க்கலாம், இதைவிட வசதியான நேரம் அமெரிக்காக்காரனுக்கே கிடையாது.

காலக்கெடுதான் படுத்தும். ‘ஞாயிறு இரவு 11.59’ என்று போட்டிருந்தால் அது நமக்குத் திங்கள் காலை 9.29, குளிர்காலத்தில் 10.29. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ஆபீஸுக்கு ஓடும் நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு போவதும் பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான். அதனால் திங்கள் கெடுவை மறந்துவிடுங்கள். ஞாயிறு மதியம் கறிச்சோறு சாப்பிட்டுப் படுப்பதற்குள் டாஸ்க்கை அனுப்பிவிட வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கெடு வையுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரம், தீபாவளி, ஊர்க் கொடை மாதிரியான நாட்களுக்கு முன்கூட்டியே விடுப்பு சொல்லிவிட்டால் பல லீக்குகள் சலுகை தரும்.

7. டிராஃப்டுக்கு முன்

ஜூனியர் அணிகளின் ஜி.எம்.கள் புது ஆட்களிடம் தனிச் செய்தியில் பேசுவார்கள். ‘ஸ்கவுட்டிங்’ என்று இதற்குப் பெயர். உங்கள் ஆட்டக்காரரின் புள்ளியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கேள்வி கேட்பது நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று அறியத்தான். எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும், குழுவோடு பேசுவீர்களா, தோற்றால் எப்படி நடந்துகொள்வீர்கள்.

நம் பக்கத்துப் பழக்கத்தில் ‘யெஸ் சார்’, ‘ஓகே சார்’ என்று பதில் போடத் தோன்றும். அங்கே சார் கிடையாது. ஜி.எம். ஒருவேளை உங்கள் மகன் வயதுப் பையனாகவே இருக்கலாம். அவரது லீக் பெயரையே சொல்லிக் கூப்பிடுங்கள், மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். ‘உங்கள் அணியில் டிஃபென்ஸ்காரர்களை எப்படி வளர்ப்பீர்கள்?’ என்று ஒரு புதியவர் கேட்டால், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும்.

கடைசிச் சுற்றில் தேர்வானாலும் சோர வேண்டியதில்லை. முதல் சுற்றில் போனவர்களில் பாதிப் பேர் ஓய்ந்துபோகும்போது, வாரம் தவறாத கடைசிச் சுற்றுக்காரர் அந்த இடத்துக்கு வந்து உட்காருவார்.

8. முடிவுப் பக்கத்தைப் படிப்பது

சிம் முடிந்ததும் எல்லோரும் கோல் கணக்கைப் பார்ப்பார்கள். கீழே இருக்கும் அட்டவணையில்தான் கதை இருக்கிறது. ஒரு கற்பனை ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் அணி 2-3 என்று தோற்றுவிட்டது. கோலை நோக்கி நீங்கள் அடித்தது 34, அவர்கள் அடித்தது 21. உங்கள் பவர் பிளே 5-க்கு 0.

முதலில் கோலிகள். உங்கள் கோலி 21-இல் 18-ஐத் தடுத்திருக்கிறார், அதாவது .857. .900-க்கு மேல் இருந்தால்தான் சுமாரான நாள் என்பார்கள். எதிரணி கோலி 34-இல் 32, .941. அடுத்தது பவர் பிளே. ஐந்து வாய்ப்பில் ஒன்றும் விழவில்லை. ஆனால் 34-க்கு 21 என்ற வித்தியாசம், மொத்தத்தில் உங்கள் லைன்கள் நன்றாகவே ஆடியதைக் காட்டுகிறது. அப்படியென்றால் லைனைக் கலைக்க வேண்டியதில்லை, பவர் பிளே குழுவை மட்டும் பார்த்தால் போதும். அதுவும் இதே மாதிரி நாலைந்து ஆட்டம் தொடர்ந்தால். மென்பொருளின் சீட்டுக்குலுக்கலில் ஒரு ராத்திரி எதுவும் நடக்கும். ‘ஜி.எம். தூங்குகிறாரா’ என்று அணிக் குழுவில் கத்துகிறவருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைப்பது கஷ்டம்.

உங்கள் ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் பிளஸ்-மைனஸ் என்று ஒரு எண் இருக்கும். அவர் தரையில் நிற்கும்போது தன் அணி கோல் அடித்தால் ஏறும், வாங்கினால் இறங்கும். நல்ல அணியில் இருந்தாலே அது ஏறும், மோசமான அணியில் இறங்கும். அதை வைத்து மனம் கலங்க வேண்டாம்.

9. ஒப்பந்தம், டிரேட்

சம்பளம் கற்பனைப் பணம், ஆனால் அணியின் உச்சவரம்பு நிஜமான தலைவலி. கொஞ்சம் குறைவாகக் கையெழுத்திட்டால் இன்னொரு நல்ல ஆளுக்கு இடம் கிடைக்கும், கோப்பைக்கு வாய்ப்பு கூடும். டிரேட் ஆனால் பழைய குழுவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். அதே ஜி.எம். அடுத்த அணியில் உங்களைத் தேடி வருவார்.

10. வயதாவதும் அடுத்த ஆளும்

கற்பனை ஆட்டக்காரருக்கும் வயதாகும். குறிப்பிட்ட சீசன்களுக்குப் பிறகு ஒவ்வொரு சீசன் முடிவிலும் புள்ளிகளில் ஒரு பங்கு கழியும். இதை ‘ரிக்ரெஷன்’ என்பார்கள். கழிவு தொடங்குவதற்கு முன் புள்ளிகளைச் செலவழிக்காமல் சேர்த்துவைப்பதா, உடனே போடுவதா என்பதை லீக்கின் விதியைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். இதில் அணியின் அப்டேட் பொறுப்பாளர் சொல்வதைக் கேட்பது உத்தமம்.

ஓய்வை எப்போது அறிவிப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஓய்வு அறிவித்தவர் புது ஆட்டக்காரரை உருவாக்கி அடுத்த டிராஃப்டுக்குள் நுழைய ஒரு கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டால் ஒரு சீசன் முழுக்கச் சும்மா இருக்க வேண்டிவரும். அதனால் சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்று தொடங்கும்போதே ஜி.எம்.மிடம் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். அவருக்கும் அடுத்த ஆளைத் தேட நேரம் வேண்டும். இரண்டாவது ஆட்டக்காரரை உருவாக்கும்போது இடத்தை மாற்றிப் பாருங்கள், கோலி ஆசை இருந்தால் அதற்கு இதுதான் சமயம். கூடவே லைன் போடுவது, டாஸ்க் திருத்துவது, புது ஆட்களுக்கு வழிகாட்டுவது என்று லீக்கில் ஆள் தேவைப்படும் வேலைகள் ஏராளம். ஜி.எம். நாற்காலி காலியாகும்போது முதலில் கேட்பது அந்த வேலைகளைச் செய்துகொண்டிருப்பவர்களைத்தான்.